இரண்டாவது ஓட்டுநர்

கியர்னி, நெப்ராஸ்கா
20 பிப்ரவரி 2022, ஞாயிறு

அன்புள்ள வெண்டலுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நலம். முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது. நீ ஒகலாலாவில் டீசல் போட நிற்கும்போது கல்லாவில் இருக்கும் வெல்டா இதை உன் கையில் கொடுப்பாள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பிடித்தால் "அப்பறம் பேசுறேன்" என்கிறாய். அந்த அப்பறம் வந்தபாடில்லை.

சிரிக்க ஒரு சேதி. உன் தம்பி கேலனின் லாரி அலுவலகத்திலிருந்து என் பெயருக்குப் பெரிய உறை ஒன்று வந்தது. உள்ளே கெட்டி அட்டையில் பொன்னெழுத்து: திருமதி ஆர்லிஸ் ரைனக்கி, சென்ற ஆண்டு முழுவதும் ஒரு விபத்தும் இல்லாமல் லாரி ஓட்டியதற்காகப் பாராட்டுகிறோம். கூடவே பன்றித்தொடை வாங்க ஒரு கூப்பன். போன ஈஸ்டருக்கு முன்னால் முழங்காலை அறுத்ததிலிருந்து நான் அந்த லாரியின் படியில்கூடக் கால் வைக்கவில்லை. நாம் ஜோடியாக ஓட்டிய காலத்துப் பெயர்ப்பட்டியலை யாரோ எடுத்துவிட்டார்கள் போல. ஓட்டாதவளுக்கு விபத்து எங்கிருந்து வரும், அந்த மட்டில் அட்டை சொல்வது உண்மைதான்.

கூப்பனைத் திருப்பி அனுப்பப் போகிறேன். நமக்குச் சேராததை அடுப்பில் வைத்தால் எனக்கு இறங்காது. சாம்பல் புதனன்று கோயில் விருந்துக்கு உருளைக்கிழங்கு சூப் என் பொறுப்பு. வேளைக்குச் சாப்பிடு. வெறும் காபியில் ஓட்டாதே.

உன் ஆர்லிஸ்

*

ஒகலாலா
24 பிப்ரவரி

ஆர்லிஸ்,

அந்த அட்டையைத் திருப்பி அனுப்பாதே. யாருக்கும் காட்டாதே. போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. போன் கேலனுடையது, அதில் வருவதெல்லாம் அலுவலகத் திரையில் தெரியும். அதனால்தான் உன்னிடம் சரியாகப் பேசுவதில்லை. கோபம் ஒன்றும் இல்லை.

பழைய பட்டியலை யாரோ தவறாக எடுத்ததால் வந்தது அல்ல அது. லாரியில் இருக்கும் பெட்டி உனக்குத் தெரியும். சக்கரம் உருண்டால் ஓட்டும் நேரத்தை எண்ணத் தொடங்கிவிடும். பதினோரு மணி நேரம் ஓட்டினால் பத்து மணி நேரம் படுக்க வேண்டும். அந்தக் காலத்துக் காகித நோட்டு மாதிரி பென்சிலால் அழிக்க முடியாது. சக்கரம் உருள்வது அதற்குத் தெரியும், உருட்டுவது யார் என்று தெரியாது. கேலன் உன் பெயரை அதிலிருந்து எடுக்கவே இல்லை. என் நேரம் தீர்ந்து திரை சிவந்தால் ஒரு பொத்தானை அழுத்துகிறேன். நான் பின்கட்டிலில் தூங்குகிறேன் என்று மாறும். ஓட்டுவது இரண்டாவது ஓட்டுநர், ஆர்லிஸ் ரைனக்கி.

நான் மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். கேலன் சொன்னது இது: "வெண்டல், உனக்கு அறுபத்தொண்ணு. இந்த வயசுல வேற எவன் உன்னை எடுப்பான்? மே மாசம் அவளோட இன்னொரு முட்டியையும் அறுக்கணும்ல. அது யாரு இன்சூரன்ஸுல நடக்கப்போவுது?"

ஏற்றிப் போகும் கறியை ஓரிகானில் குறித்த நேரத்துக்கு இறக்காவிட்டால் வேலை இன்னொருவனுக்குப் போய்விடும். மே வரைதான். வழியில் இருக்கும் எடை நிலையங்களில் மட்டும்தான் பெட்டியை ஏறிப் பார்ப்பார்கள். பச்சை விளக்கு எரிந்தால் நிற்காமல் போய்விடலாம். இதுவரை பச்சைதான்.

இதைக் கிழித்துப் போடு.

வெண்டல்

*

கியர்னி
3 மார்ச், வியாழன்

அன்புள்ள வெண்டலுக்கு,

கிழித்தேன், அடுப்பிலும் போட்டேன். மனதிலிருந்து எடுத்துப் போடத்தான் இடம் தெரியவில்லை.

நீ சொன்னதிலிருந்து நான் எதைச் செய்தாலும், இந்நேரம் நான் எங்கே ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைப்பு ஓடுகிறது. ஞாயிறன்று திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தபோது வயோமிங்கில் எந்த மலையில் இறங்கிக்கொண்டிருந்தேனோ. நேற்றுச் சூப் ஊற்றும்போது கூட நின்று பரிமாறிய மேவிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆர்லிஸ், கண்ணு இப்படிச் சிவந்து கிடக்கு. ராவெல்லாம் லாரி ஓட்டினியா?" என்றாள். வரிசையே சிரித்தது. எனக்குக் கரண்டி கைநழுவிப் பானைக்குள் போய்விட்டது. "கரண்டிய முங்கிக் குளிக்க விட்டுட்டியா?" என்று அதற்கும் ஒரு பேச்சு. அவள் ஒன்றும் தெரியாமல் சொன்னதுதான். எனக்குத்தான் நெற்றியில் சாம்பலோடு நின்று சிரிக்க வரவில்லை.

ஜெயிலுக்குப் போவேன் என்று பயப்படவில்லை. எதிரே ஒரு பள்ளிக்கூட வண்டி வரும். இல்லாவிட்டால் யாராவது கிழவி மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் உனக்குக் கண் சொருகினால்? பெட்டி நான் ஓட்டினேன் என்று சொல்லும். கர்த்தர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ஓட்டினீர்கள் என்பார்.

நிறுத்திவிடு. எனக்கு அந்த முட்டி அறுவை வேண்டாம். தடியை ஊன்றி நடக்கிறேன். வீட்டுச் செலவை இருமுறை கூட்டிப் பார்த்துவிட்டேன். காரை விற்றுவிட்டுப் பிக்கப் வண்டியை வைத்துக்கொண்டால் காலத்தைத் தள்ளிவிடலாம். தோட்டத்துக் குழாய் உறைந்து வெடித்தது, நானே சாக்கு சுற்றி வைத்திருக்கிறேன், அதை நினைத்துக் கவலைப்படாதே. காற்று கதவை அடித்தால் யாரோ சேதி சொல்ல வந்துவிட்டார்கள் என்று எழுந்து போகிறேன். அது ஒன்றுதான் தாங்கவில்லை.

நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

உன் ஆர்லிஸ்

*

ஒகலாலா
10 மார்ச்

ஆர்லிஸ்,

நீ கேட்ட வரியை எழுத முடியவில்லை. வேறொன்று எழுதுகிறேன். உன்னைத் தவிர இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

செவ்வாயன்று எல்க் மலை இறக்கம். பனி சாலைக்குக் குறுக்கே புகை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தி வெகு நேரம் ஆகியிருந்தது. உன் நீலக் கோட்டு இன்னும் பக்கத்து இருக்கையில்தான் கிடக்கிறது, நான் எடுக்கவில்லை. சில நேரம் அதோடு பேசிக்கொண்டு வருவேன். அன்றைக்குக் கண் விழித்தேன். லாரி ஓடிக்கொண்டிருந்தது, இன்ஜின் சத்தம் சீராக இருந்தது. பயமே இல்லை, ஆர்லிஸ். ஆர்லிஸ்தானே ஓட்டுகிறாள், இறக்கத்தில் அவள் நிதானமாகத்தான் போவாள் என்று நினைத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினேன்.

ஸ்டீயரிங் என் கையில் இருந்தது.

சாலை ஓரத்து மேடுபள்ளக் கோடுகளில் சக்கரம் ஏறி மொத்த லாரியும் அதிர்ந்ததில்தான் விழித்தேன். தடுப்புக் கம்பி வலது கண்ணாடியை உரசாத குறை. அதன் பிறகும் நிற்காமலேயே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன், நேரத்துக்கு. கேலன் "நல்ல வேலை" என்று செய்தி அனுப்பினான்.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. மே வரை பொறுத்துக்கொள். வரும் வியாழன் மத்தியானம் நார்த் ப்ளாட் தாண்டி கிழக்கே வருவேன். ஓமஹா வரை ஒரே ஓட்டம், வீட்டில் இறங்க நேரமில்லை. நம் ஊருக்குப் பிரியும் சாலையைத் தாண்டும்போது ஹார்ன் அடிக்கிறேன்.

வெண்டல்

*

நார்த் ப்ளாட் எடை நிலையம்
17 மார்ச், வியாழன்

வெண்டல்,

பரிசோதகர் ஹூபர் மேசையில் இடம் கொடுத்து, தாளும் கொடுத்தார். நீ எழுந்ததும் படிப்பதற்காக எழுதுகிறேன். நடந்தது இதுதான். மற்றவர்கள் வாயால் நீ கேட்கக் கூடாது.

காலையிலேயே பிக்கப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஜெபம் பண்ணினேன், திரும்பிப் போய்விடு என்று ஒரு பதில் வராதா என்றுகூட. வரவில்லை. உள்ளே நுழைந்ததும் ஹூபர் தலையைத் தூக்கி, "அம்மா, இங்க லாரிக்கு மட்டும்தான். பிக்கப்பையெல்லாம் எடை போட மாட்டோம்" என்றார்.

"நான் லாரிதான் ஓட்டிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

"அப்படியா. எங்க நிக்குது?"

"நிக்கல. இந்நேரம் பாக்ஸ்டன் தாண்டியிருக்கும். வெள்ளை லாரி, கதவுல ரைனக்கின்னு பேரு. அதை நான்தான் ஓட்டிட்டு வர்றேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறீர்களா, கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டார். பாவம், எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். என் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எல்க் மலையையும் சொன்னேன். இரண்டு வாரத்துக்கு மேலாக எனக்கே தெரியும், வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன்.

உனக்குப் பச்சை எரியாததற்குக் காரணம் நான்தான். நீ உள்ளே வந்து நின்றதும் ஹூபர் ஏறி உன் திரையைப் படித்தார். இறங்கி, கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார். நீயும் அவர் பார்த்த பக்கம் திரும்பினாய். நான் எழுந்து நிற்கப் பார்த்தேன், கால் ஒத்துழைக்கவில்லை.

திட்டுவாய் என்று நினைத்தேன். வாசலில் நின்று, "கால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாய். பத்து மணி நேரம் லாரி நகரக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கேலன் அலுவலகத்துக்கும் ஆள் போகுமாம். அவன் என்னை அழைத்துக்கொண்டே இருக்கிறான், நான் எடுக்கவில்லை. உன் வேலை போகும். என் உரிமமும் போகும். மே மாதத்து அறுவையும் போனதுதான். தெரிந்துதான் வந்தேன்.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாயே. வலிக்கிறது.

உன்னைக் காட்டிக் கொடுத்தவள் என்று நீ நினைத்தால் நான் மறுக்க மாட்டேன். இந்தக் கடிதத்தைக் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் செருகிவிட்டு, பிக்கப்பில் உட்கார்ந்திருப்பேன். சாண்ட்விச் இருக்கிறது, உனக்காக வெங்காயம் போடாததும் இருக்கிறது. எழுந்ததும் வந்து கண்ணாடியைத் தட்டலாம். தட்டாமல் உன் வழியே போனாலும் நான் ஹார்ன் அடித்துக் கூப்பிட மாட்டேன்.

சற்று முன் மெதுவாக நடந்து போய் லாரிக் கதவில் காதை வைத்துக் கேட்டேன். நல்ல குறட்டை. திரையில் என்ன இருக்கிறது என்று ஹூபரைக் கேட்டேன். "ரெண்டு பேருமே ஓய்வுலதான் இருக்கீங்கம்மா" என்றார். வெகு நாளைக்குப் பிறகு அந்தப் பெட்டி உண்மையைச் சொல்கிறது.

இத்தனை நாள் நீ தூங்கிவிடுவாயோ என்று பயந்தேன். இப்போது நீ விழித்து என்னை எப்படிப் பார்ப்பாயோ என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் அவசரமில்லை. தூங்கு.

ஆர்லிஸ்