மாமாவின் காலும் என்மேல் விழுந்த பழியும்

நாவற்குடா
1946 ஆவணி

அன்பு மகன் அருமைநாயகத்துக்கு அம்மா எழுதுவது. மாமாங்கப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக நடமாடித் திரிகிறோம், கொழும்பில் உனக்கும் ஒரு தலையிடியும் வராமலிருக்க அவரையே கேட்டுக்கொள்கிறேன்.

வல்லிபுர மாமாவின் செய்தியை என்னிடமிருந்து அறிந்துகொள், அவர் பெண்சாதி, உன் மாமி ஆச்சிப்பிள்ளை, வேறு விதமாக எழுதியிருப்பாள். அப்பாவின் கூடப்பிறந்தவள், நாளைக்கு மகளைக் கொடுத்து உனக்கு மாமியாராக வரப்போகிறவள் என்று இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இனி மூடமாட்டேன். போன மாதம் மாமா வாவியில் வலை வீசப் போன இடத்தில் கெளுத்தி முள் காலில் ஏறிவிட்டது. மனுசன் தானே பிடுங்கி எறிந்துவிட்டுச் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு ஒருவருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறார், இது பிறகு அவர் சொல்லித் தெரிந்தது. கால் தொடைவரை வீங்கி, குளிர்காய்ச்சல் அடித்து, பிதற்றத் தொடங்கின ஆளிடம் எதைக் கேட்பது? வேலிச் சண்டையில் நான் ஒருநாள் மண் அள்ளித் தூற்றியதை மாமி மறக்கவில்லை. கண்ணகைதான் சூனியம் செய்து என் புருசனைக் கிடத்திவிட்டாள் என்று கிணற்றடியில் ஊர் கேட்கச் சொன்னாள். என்னை, மகன்! அவள் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது பத்தியச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுத்த என்னை. உன் அப்பா தங்கைக்கு முன்னால் வாய் திறந்தாரா? சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வளவுக்குப் பின்னால் போய்விட்டார்.

இந்த மனுசன் செத்தால் நான் ஊரறியக் கொலைகாரி. ஆகையால் இவர் சாகக்கூடாது, எழும்பி, நடந்ததைத் தன் வாயால் சொல்லி அவளைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். பாசத்தால் செய்தேன் என்று நினைக்காதே. மாமி மந்திரவாதியைத் தேடிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போன நேரம் பார்த்து, அப்பாவை அதட்டி மாட்டுவண்டிலைக் கட்டவைத்து, மாமாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் இரத்தமும் சீழும் எடுத்து மைக்கிறஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, புண்ணிலிருந்த கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார். காலைக் கீறிச் சீழ் வடித்தபோது ஒடிந்த முள் நுனியும் வந்தது. என்மேல் விழுந்த பழி நீங்கியது என்று அதைப் பஞ்சில் சுற்றி, திரும்பி வந்த மாமிக்குக் காட்டினேன். அவளோ, மந்திரவாதி எடுக்கிறதும் இப்படி முள்ளும் மயிரும்தானே, இவள் ஏவினது வெளியே வந்துவிட்டது என்று ஆசுப்பத்திரி வாட்டில் நின்று கத்துகிறாள்.

பெனிசிலின் என்று உலகச் சண்டைக் காலத்தில் வந்த புது மருந்தை மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போட்டார்கள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் ஆளை மந்திரவாதியிடம் எடுத்துக்கொண்டு போக மாமி வந்து நின்றாள். ஊசியை இடையில் நிறுத்தினால் மிஞ்சின கிருமி திரும்பப் பெருகும், பிறகு தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்று டொக்டர் எவ்வளவோ சொன்னார். அவள் கேட்கவில்லை, மாமாவின் கையைப் பிடித்து எழுப்பவே தொடங்கிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் கட்டிலுக்கு முன்னால் போய் நின்று, "ஓம் கா மச்சாள், நான்தான் செஞ்சன். ஊசி முடியுமுன்ன இந்தாளக் கட்டிலால இறக்கினாயெண்டா மிச்சத்த உனக்குச் செய்வன்" என்றேன். வாட்டில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். அவள் பிடித்த கையை விட்டுவிட்டாள்.

மாமா பிழைத்துவிட்டார். முள் குத்தின கதையைப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார், ஒருவரும் நம்பவில்லை, ஆசுப்பத்திரியில் நான் சொன்னதைத்தான் நம்புகிறார்கள். கிணற்றடிக்கு நான் போனால் பெண்கள் வாளியை வைத்துவிட்டு விலகுகிறார்கள், அது நெஞ்சைச் சுடுகிறது, உன்னிடம் என்ன மறைப்பு. ஆனால் மாமி வெள்ளிக்கிழமைதோறும் என் வாசல் படலையில் தேங்காயும் வெற்றிலையும் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஓடுகிறாள். அந்தத் தேங்காயில் சம்பல் அரைத்து அப்பாவுக்குக் கொடுக்கிறேன், அவரும் வழித்துச் சாப்பிடுகிறார். அவள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றோடு விட்டிருப்பேன்.

மழையில் நனையாதே, கடைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். நீ தீர்க்காயுசாக, ஒரு குறையுமில்லாமல் வாழ வேண்டும். தையில் கலியாணத்துக்கு வரும்போது மாமி உன்னைத் தனியே கூப்பிட்டு, அம்மாவுக்கு உண்மையாகவே அந்தச் சூனிய வேலை தெரியுமா என்று கேட்பாள். அம்மாவுக்குத் தெரியாது என்று மறந்தும் சொல்லிவிடாதே. நம் வழக்கப்படி நீ இனி அவள் வீட்டில்தான் இருக்கப்போகிறாய், உனக்குப் போடுகிற ஒவ்வொரு பிடி சோற்றையும் அவள் என்னை நினைத்துப் பயந்து போடட்டும்.

இப்படிக்கு,
உன்னை வாழ்த்தும் அம்மா
கண்ணகை