ஒரே வீட்டில் இரண்டு ரிசல்ட்

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். கடலில் புயல் என்று செய்தியில் சொன்னார்கள். உங்கள் கப்பல் போகிற பக்கம் அது இல்லை என்று கம்பெனி ஆபீசில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன். இந்தக் கடிதத்தை அவர்களிடமே கொடுத்துவிடுகிறேன். அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்துவிடுமாம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. நம் வாலுப் பெண் பாஸ், அதுவும் நல்ல பாஸ். இந்த வரியைப் படித்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். மீதியை ஆற அமரச் சொல்கிறேன்.

காலையிலிருந்தே உங்கள் அக்கா நம் வீட்டில்தான். மகளைவிட அவர்தான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஊரே ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்ததால் போனில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அந்தச் சின்னத் திரைமேல் கவிழ்ந்து கிடந்தோம். மார்க் தெரிந்ததும் உங்கள் அக்கா மொத்தத்தை மட்டும் பார்த்தார். பார்த்த கையோடு வாசலுக்குப் போய், எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க தம்பி பொண்ணு என்ன மார்க் தெரியுமா" என்று ஆரம்பித்துவிட்டார். நம் மகளோ மேசையில் உட்கார்ந்து மூன்று எண்களை எழுதிக் கூட்டினாள். அழித்தாள். மறுபடி கூட்டினாள். கூட்டல் மாறவில்லை.

விஷயம் இதுதான். பல்கலைக்கழகம் மொத்த மார்க்கை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றையும் மட்டும் கூட்டி, அந்த வரிசைப்படி இடம் கொடுப்பார்கள். மொழிப் பாடங்களில் பாஸானால் போதும். அதற்குமேல் வாங்கியதெல்லாம் அழகுக்குத்தான். நம் பெண் மொழிப் பாடங்களில்தான் அள்ளிக் குவித்திருக்கிறாள். உயிரியலும் பிரமாதம். இயற்பியல் காலை வாரிவிட்டது. போன வருஷம் கடைசி சீட் எந்த மார்க்கில் முடிந்ததோ அதைவிட ஐந்து குறைவு. "அத்தை, அந்த மார்க்கைத் தெருவுல சொல்லலாம். சீட்டு வாங்க முடியாது" என்றாள். உங்கள் அக்காவுக்குப் புரியவில்லை. "எல்லாம் மார்க்குதானேடி" என்றார்.

அவர் போன பிறகுதான் எனக்கும் ரிசல்ட் வந்திருக்கும் என்பது எனக்கே நினைவுக்கு வந்தது. நீங்களும் மறந்திருக்கலாம். கல்யாணப் பேச்சு வந்து பாதியில் நின்றுபோன அந்தப் பள்ளிக்கூடக் கடைசி வருஷப் படிப்பை, இந்த முறை வாலுவோடு சேர்ந்து நானும் தனித்தேர்வராக எழுதினேன் அல்லவா. புத்தகம் ஒரே செட். பகலில் அவளுக்கு, மூக்குக் கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்த பிறகு எனக்கு. எழுதப் போகிறேன் என்று போனில் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். லைனில் ஒரே இரைச்சல். அது என்ன சிரிப்பு என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

வாலுதான், "உன் நம்பரைச் சொல்லும்மா" என்று வாங்கித் தட்டிப் பார்த்தாள். பாஸ். எல்லாப் பாடத்திலும் பாஸ். இயற்பியலில் அவளைவிடப் பதினொன்று கூடுதல். லென்ஸ் பற்றி ஒரு பெரிய கேள்வி வந்திருந்தது. நாள் முழுக்க லென்ஸோடு மாரடிக்கிறவளுக்கு அது பரீட்சை மாதிரியே தோன்றவில்லை. வாலு கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "சூப்பர்மா" என்றாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது தலை நனைந்திருக்கவில்லை. கண்கள்தான் சிவந்திருந்தன.

பெற்ற மகளை முந்திவிட்டுச் சந்தோஷப்படுவதா, வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை. அன்றைய சமையலில் உப்புப் போட மறந்துவிட்டேன். இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தோம்.

இஞ்சின் அறைச் சூட்டில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

உங்கள் மனைவி

*

அன்புள்ளவருக்கு,

போன கடிதம் உங்களை எட்டியதோ இல்லையோ, அதற்குள் இங்கே கதை எங்கேயோ போய்விட்டது.

விண்ணப்பத்தில் நமக்குப் பிடித்த படிப்புகளை வரிசையாகக் குறிக்க வேண்டும். வாலு முதலில் கால்நடை மருத்துவம் போட்டாள். கடைசியில், ஒன்றும் இல்லாவிட்டால் இருக்கட்டும் என்று, இங்கேயே இருக்கும் விலங்கியல். நான் ஒன்றே ஒன்றுதான் குறித்தேன்: கண் பரிசோதனைப் பட்டப்படிப்பு. பஸ்ஸில் போய் வருகிற தூரம். அதைக் குறிக்க வைத்ததும் அவள்தான். "எழுதினா என்னம்மா, கையா தேஞ்சிடும்" என்றாள்.

முதல் பட்டியலில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. அவளுக்கு விலங்கியல்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டே, மேலே இடம் காலியானால் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கலாமாம். கேட்டிருக்கிறாள். மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற இடங்களை நம்பித்தான் இருக்கிறோம்.

என் இடத்தை உறுதி செய்ய, அசல் மதிப்பெண் சான்றிதழோடு நான் நேரில் போக வேண்டும். அந்த வாரக் கடைசிக்குள் போகாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். நான் போகவில்லை. போக வேண்டாம் என்றே இருந்தேன். அவளுக்கு இடம் கிடைக்காவிட்டால் மறுபடி பரீட்சை எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளை வாடிய முகத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்க, நான் பையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்புவதா? உங்கள் அக்காவும், "பொண்ணு படிக்கிற காலத்துல உனக்கு எதுக்கும்மா இந்த வேலை" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். நான் போகாமல் இருந்தது அவர் சொன்னதற்காக இல்லை. ஆனால் அவர் சொன்னது எனக்கு வசதியாகவும் இருந்தது.

நான் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வாலு வந்து நின்றாள். எப்போது போகப்போகிறாய் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். "நாளைக்குத்தான் கடைசி. இதுல பார்க்க என்ன இருக்கு" என்றாள். வீடு, கடை, உன் படிப்பு என்று ஏதோ அடுக்கினேன். சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்காக விட்டுக்கொடுத்தேன்னு நீ ஒருநாளும் வாயால சொல்ல மாட்டே. ஆனா நான் பார்க்கிறப்பெல்லாம் அது உன் முகத்துல இருக்கும். அந்தப் பாரத்தைத் தூக்கி என் தலையில வைக்காதேம்மா" என்றாள். மடித்து வைத்த துணி ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு உன்மேல பொறாமையாத்தான் இருந்துச்சு. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயிடுச்சு. நீ சீட்டை விட்டேன்னு வை, திரும்பி வந்துடும்" என்றாள்.

யாரிடமிருந்து இந்தப் பேச்சைக் கற்றாள் என்று தெரியவில்லை. நம் இரண்டு பேருக்குமே இவ்வளவு நேராகப் பேச வராது.

மறுநாள் கூட்டிக்கொண்டு போனாள். அட்மிஷன் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே நீளமான வரிசை. எல்லாம் வாலு வயசுப் பிள்ளைகள், பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ. எங்கள் முறை வந்ததும் மேசையில் இருந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. வாலுவைப் பார்த்து, "சர்ட்டிபிகேட்டைக் குடும்மா" என்றார். வாலு கையைக் கட்டிக்கொண்டு, "நான் கூட வந்தவ. சேரப்போறது இவங்க" என்றாள். அந்த அம்மா நிமிர்ந்து என்னையும் பார்த்தார், சான்றிதழில் இருந்த படத்தையும் பார்த்தார். அவருடைய கண்ணாடி ஒரு பக்கமாகத் தாழ்ந்திருந்தது. அதைக் கழற்றி வாங்கிச் சரி செய்யச் சொல்லி என் கை துறுதுறுத்தது. சேர வந்த இடத்தில் வேலையைக் காட்ட வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். முத்திரை குத்திக் கொடுக்கும்போது, "என் தங்கச்சியும் விட்ட படிப்பை எழுதணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா. உங்களைப் பத்திச் சொல்றேன்" என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உங்களைக் கேட்காமல் போட்டேன். கண்ணில் படட்டும் என்றுதான் இதைத் தனி வரியில் எழுதுகிறேன்.

உங்கள் மனைவி

*

அன்புள்ள உங்களுக்கு,

வாலுவுக்குக் கிடைத்துவிட்டது. கால்நடை மருத்துவம். முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அவள் பக்கத்தில் நின்று கட்டளை போடுகிறாள்.

இரண்டாவது பட்டியல் வந்தபோது நான் கடையில் இருந்தேன். ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியைக் காதில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாலு மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்து கதவைத் தள்ளினாள். முகமெல்லாம் கண்ணீர். சரி, விலங்கியல்தான், எப்படித் தேற்றுவது என்று மனசுக்குள் தேட ஆரம்பித்துவிட்டேன். அவளுக்கோ மூச்சு வாங்கியது, வார்த்தை வரவில்லை. "அம்மா... மாடு" என்றாள். கடை முதலாளி, தெருவில் மாடு முட்ட வருகிறது என்று நினைத்து வெளியே எட்டிப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி, "மாடு, குதிரை, எல்லாம்... கிடைச்சிடுச்சும்மா" என்றாள். அப்போதும் எனக்கு உடனே உறைக்கவில்லை. கண்ணாடி போட்டிருந்த பெரியவருக்குத்தான் முதலில் புரிந்தது. "உங்க பொண்ணு டாக்டராகப் போகுதும்மா, போய்க் கட்டிப் பிடிங்க. என் கண்ணாடி எங்கேயும் போகாது" என்றார்.

அவள் கூட்டலுக்கு மேலே இருந்தவர்களில் பல பேர் மருத்துவத்துக்கும் வேறு ஊர்களுக்கும் போய்விட்டார்கள். கடைசியில் மிஞ்சிய ஓர் இடத்துக்கு ஒரே மார்க்கில் இரண்டு பேர். அப்படிச் சமமாக வந்தால் உயிரியலில் யாருக்கு அதிகமோ அவருக்குத்தான் முதல் உரிமையாம். வாலுவுக்கு இரண்டு அதிகம். அந்த இன்னொரு பிள்ளை யாரோ, எந்த வீட்டில் இருக்கிறதோ. அதற்கும் ஒரு நல்ல இடம் கிடைக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். நம் பிள்ளை அந்தப் பக்கம் நின்றிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

இத்தனை வாரமாகத் தோளில் எதையோ சுமந்துகொண்டிருந்தேன் என்பது அது இறங்கின பிறகுதான் தெரிந்தது. அன்று சாயங்காலம் பாயில் சாய்ந்தவள், விளக்குகூடப் போடாமல் தூங்கிப்போனேன். எழுந்து பார்த்தால் வாலு சமைத்து வைத்திருந்தாள். உப்புக் கொஞ்சம் தூக்கல்தான். வாயைத் திறந்து சொன்னேன், இருவரும் சிரித்தோம்.

உங்கள் அக்காவுக்கு இப்போது எல்லாம் அத்துப்படி. எந்தப் பாடத்தை எந்தப் படிப்புக்குக் கூட்டுவார்கள் என்று தெருவில் வகுப்பே எடுக்கிறார். பகலில் நான் வகுப்புக்குப் போகிற நேரத்தில் வீட்டுச் சாவி அவரிடம் இருக்கட்டும் என்று நான் கேட்குமுன்பே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை. முதலாளி என் வேலையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். "படிச்சு முடிச்சதும் எனக்கு எதிர்லயே கடை போட்டுடாதேம்மா" என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

நீங்கள் முதல் கடிதம் கண்டு எழுதிய பதிலும் வந்து சேர்ந்தது. வாலுவுக்கு எழுதிய இரண்டு பக்கத்தையும் அவள் மனப்பாடமே செய்துவிட்டாள். மார்க்கு போனாலும் நீ என் மகள்தான் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் என்னைப் படிக்கவிடாமல் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். எனக்கு எழுதிய அரைப் பக்கத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் இதோ: சிலிண்டர் மாற்றியாயிற்று. மாடிக் குழாயில் இப்போது ஒழுக்கு இல்லை. அக்காவின் முழங்கால் வலி தேவலை. நான் நலம்.

வாலுவுக்கு விடுதியில் இடம் உறுதியாகிவிட்டது. மாதக் கடைசியில் கிளம்புகிறாள். ரயிலில் ஏற்றிவிட நானும் உங்கள் அக்காவும் போவோம். அதற்கு அடுத்த திங்கள்கிழமை எனக்கு முதல் வகுப்பு. என் வகுப்பில் எல்லாரும் வாலு வயசுதான் இருப்பார்கள். முதல் பெஞ்சில் உட்காருவதா, கடைசியிலா என்று இப்போதே யோசனை. வாலு நடுவில் உட்காரச் சொல்கிறாள். போர்டு எழுத்து தூரத்திலிருந்து தெரிகிற வயசில்லை உனக்கு, முன்னால்தான் உட்கார வேண்டும் என்று உங்கள் அக்கா சொல்கிறார். அவர் சொன்னதைத்தான் கேட்கப்போகிறேன்.

எந்த நேரமும் கவனமாக இருங்கள். காற்றும் அலையும் உங்களுக்கு அனுகூலமாக இருக்கட்டும். அடுத்த துறைமுகத்தில் லைன் கிடைத்தால், வாலு கிளம்புவதற்குள் ஒரு போன் செய்யுங்கள். அவளிடம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி, "நீ என்ன படிக்கப்போறே" என்று ஒரு தடவை கேளுங்கள். அதுதான் எழுதியாயிற்றே, தெரியுமே என்று விட்டுவிடாதீர்கள். உங்களிடம் நான் அதை என் வாயால் சொல்ல வேண்டும்.

உங்கள் மனைவி