ஜன்னலோர மேசை

அன்புள்ள அம்மா,

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதப் போகிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பொண்ணு எங்க படிக்கணும்னு ஆசைப்படுறீங்க?" என்று மேற்படிப்பு ஆலோசகர் கேட்டார்.

"அவ இஷ்டம்தான் சார்" என்று சிரித்தாய். பதினொன்றாம் வகுப்பில் வேறு யாருக்கு இப்படி ஓர் அம்மா என்று பூரித்துப்போய், கப்பல் வடிவமைப்பு படிக்கத் தூரத்துத் துறைமுகக் கல்லூரியைச் சொன்னேன்.

படியிறங்கும்போது, உன்னோடு வந்திருந்த சித்தி கேட்டுவிட்டாள். "அப்ப அந்த மேசையை என்னடி பண்றது? நீ நம்ம ஊர்க் காலேஜ்ல சேர்ந்து வீட்டோட இருப்பேன்னு ஜன்னலோரமா வாங்கிப் போட்டிருக்கா உங்கம்மா."

"உன் ஓட்டைவாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரேன், இரு" என்றாய். பிறகு பேருந்து வரும்வரை என் சட்டைக் காலரையே சரிசெய்துகொண்டிருந்தாய்.

அம்மா, என் முடிவு மாறவில்லை. ஆறாம் வகுப்பில் என்னை இந்த விடுதியில் விட்டுப் போனபோது, நான் அழவில்லையே என்று நீதான் அழுதாய். அந்தத் தைரியம் நீ கொடுத்தது. அதைத் திருப்பி வாங்க முடியாது.

மேசையைத் திருப்பிக் கொடுத்துவிடாதே. விடுமுறைக்கு வரும்போது எனக்கு வேண்டும். அதுவரை நீ அதில் உட்கார்ந்து எனக்கு எழுது. "நல்லா சாப்பிடு" என்பதோடு நிறுத்தாமல், நீ ஆசைப்படுவதையும் சித்தி முந்திக்கொள்வதற்குள் நீயே எழுது.

உண்மையாக எழுதுவதாகச் சொன்னேனே, அதனால் இதுவும். மேசை என்ன நிறம் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

இந்த வரி கோணலாக இருந்தால் வேறொன்றுமில்லை, விளக்கை அணைத்துவிட்டார்கள்.

உன் மூத்தவள்