உன் போனில் இருந்த படங்கள்

இன்று காலை வாடிக்கையாளர் ஒருவர் தன் மகளின் வளைகாப்புப் படங்களை மெயிலில் அனுப்பியிருந்தார். என் கணினியில் அவை திறக்கவில்லை. ஐபோனில் எடுத்த எச்.இ.ஐ.சி. படங்கள். எல்லாக் கணினியிலும் திறக்கும் ஜேபெக்காக மாற்றுவது பெரிய வேலையில்லை. ஆனாலும் மவுசை விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

தி. நகரில் நாம் சேர்ந்து டிசைன் கடை போட்டபோதே இந்தச் சண்டை ஆரம்பம். உனக்கு மேக், எனக்கு விண்டோஸ். நீ செய்து தரும் கல்யாணப் பத்திரிகை என் திரைக்கு வரும்போது, பிள்ளையார் இருந்த இடத்தில் சாம்பல் கட்டம் நிற்கும். சாமி எங்கே என்று கேட்டால், "உன் மிஷினுக்கு பக்தி பத்தல மச்சி" என்பாய். சொல்லிக்கொண்டே வேறு வகைக் கோப்பாக மாற்றியும் தந்துவிடுவாய்.

ஒரு நாள் காலை மேற்கு மாம்பலத்திலிருந்து உன் மனைவி கலா போனில் சொன்னது எனக்குப் புரியவே இல்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்துவிட்டாயாம். முந்தைய நாள் என்னோடு கடையைப் பூட்டியவன் நீ. ஓடிவந்து பார்த்தேன். பார்த்தும் நம்பவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டும் என்று உன் தம்பி கேட்டான். எத்தனையோ பேருக்கு அந்த போஸ்டரைச் செய்தவன், உன் பெயரை அடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கலா உன் ஐபோனிலிருந்த படங்களையெல்லாம் பென் டிரைவில் கொண்டுவந்தாள். ஒன்றுகூடத் திறக்கவில்லை. மொத்தமாக மாற்றப் போட்டேன். ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. கோலம் போடும் கலா, சைக்கிள் ஓட்டும் உன் மகன், மொட்டை மாடியில் உன் அம்மா. கடைசிவரை தள்ளிப் பார்த்தேன். எதிலும் நீ இல்லை. பக்கத்தில் நின்ற கலாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவளே சொன்னாள்: "உடுங்கண்ணா. எங்களையே பாத்துக்கினு இருந்துகீறாரு."

உன் கல்யாண ஆல்பத்தில் இருந்தவன் ஒல்லியான வேறு யாரோ போலிருந்தான். அதனால் உன் ஓட்டுநர் உரிமத்தில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கினோம். சிரிப்பில்லாத முகம். போஸ்டரைப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரர் என்னிடமே கேட்டார், இது யார் என்று. உன்னைத் தினமும் பார்த்தவர்.

உன் போனிலிருந்த படங்களில் ஒன்றை மட்டும் என் போனில் வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாடு முடிந்து கடை நாற்காலியில் வாயைத் திறந்தபடி நான் தூங்குகிறேன். நீ எடுத்தது எனக்குத் தெரியவே தெரியாது. போன வாரம், உன்னை மாமா என்று கூப்பிடும் என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "நீ தூங்கறத எதுக்குப்பா வச்சினுகீற?" என்று கேட்டாள்.

"அது மாமா படம்மா" என்றேன்.

அவள் மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.