லீவரில் சுற்றிய சேலைத்துணி

சேலம்
20.1.2025

அன்பு மாப்பிள்ளை குழந்தைவேலுக்கு,

போனில் என் பேச்சு குழறுகிறது. நீ "ஏனுங்க மச்சான், என்னங்க?" என்று நாலு தடவை கேட்டதில் மானமே போயிற்று. அதனால்தான் இடக்கையால் இந்தக் கிறுக்கல். உன் அக்கா பாவாயியை எழுதச் சொன்னால் பாதியை அவளே சேர்த்துவிடுவாள்.

பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வலக்கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. இங்கே ஆஸ்பத்திரியில் ரோபோ மிஷினில் கையைக் கட்டி விடுகிறார்கள். திரையில் மாம்பழம் விழும். கைப்பிடியைத் தள்ளிக் கூடையில் பிடிக்க வேண்டும். பத்து நாளும் கூடை நிறைந்தது. மாசியில் போர்வெல் ரிக் வண்டிக்குத் திரும்பிவிடுவேன் என்று பாவாயியிடம் பீற்றிக்கொண்டேன். நேற்றுதான் பயிற்சி கொடுக்கும் வெண்ணிலா திரையின் மூலையைக் காட்டினாள். "எல்லாம் மிஷின் தள்ளுனதுங்க. உங்க பங்கு பூஜ்யம். கொஞ்சம் முயற்சி பண்ணுங்கய்யா" என்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், முயற்சி இல்லையாம்! முப்பது வருடம் போர்வெல் போட்ட கை இது. அந்தக் கைப்பிடியும் வழுவழு என்று கிடக்கிறது. நம் ரிக் வண்டி லீவரில் பாவாயியின் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றியிருக்கிறேனே, அந்தப் பிடிமானம் இல்லை.

லீவரை நீயே பார். வேறு ஆளிடம் கொடுத்துவிடாதே.

மருதாசலம்

ராய்ப்பூர் பக்கம், கேம்ப்
29.1.2025

மச்சானுக்கு வணக்கம். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கடிதத்தை இங்கே போர்வெல் ஏஜெண்டு கடையில் நின்றே மூன்று முறை படித்தேன். ஒன்று தோன்றுகிறது. லீவர் உதறும்போது எங்களிடம் என்ன கத்துவீர்கள்? "எதுத்துப் புடிக்காத, அது போற போக்குல உடு, ராடு ஒடிஞ்சுரும்!" அந்த மிஷின் இழுக்கும்போதும் உங்கள் கை அதைத்தான் செய்கிறது போல. மிஷினை உங்களுக்கு எதிராகத் தள்ள வைக்க முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்.

இன்னொன்று, மறைக்க மனம் வரவில்லை. நான் லீவரில் நின்று, குழிக்குள் இறக்கிய ராடு இரண்டு ஒடிந்தது. பத்து நாளாக நம் ஹெல்பர் கந்தன்தான் நிற்கிறான். கோபிக்காதீர்கள்.

உங்கள் குழந்தைவேல்

சேலம்
6.2.2025

குழந்தைவேலு,

கந்தனை இறக்கு. நான் இன்னும் சாகவில்லை.

மருதாசலம்

சேலம்
21.2.2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடாததும் சரிதான்.

அதைத் தபாலில் போட்ட கையோடு வெண்ணிலாவிடம் நீ சொன்னதைக் கேட்டேன். "அப்படியும் வெக்கலாமுங்க, உங்களுக்குத் தாங்குமான்னு தெரியல" என்று இழுத்தாள். வைத்துத்தான் பாரேன் என்றேன். மிஷின் மெதுவாக எதிர்த்துத் தள்ளியது. எனக்கு உன் மூஞ்சியும் கந்தன் மூஞ்சியும்தான் தெரிந்தது. ஆத்திரத்தில் தள்ளினேன். கைப்பிடி ஒரு விரற்கடை நகர்ந்தது. திரையில் என் பங்கு நூற்றுக்குப் பதினொன்று. வெண்ணிலா கைதட்டினாள். நான் அழுதுவிட்டேன், மாப்பிள்ளை.

அப்புறம் இரண்டு வாரமாகத் தினமும் தள்ளுகிறேன். பதினாலைத் தாண்டவில்லை. பதினாலை வைத்துக்கொண்டு, ஆயிரம் அடிக்குக் கீழே ராடு எப்போது மாட்டிக்கொள்ளும் என்று லீவரைப் பிடித்துக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கே தெரிகிறது. சொல்லத்தான் வயிறு எரிகிறது.

லீவரில் கந்தனே நிற்கட்டும். அந்தச் சேலைத்துணியை மட்டும் அவிழ்த்துப் பார்சலில் அனுப்பு. அவன் தன் வீட்டுக்காரி சேலையைக் கிழித்துச் சுற்றிக்கொள்ளட்டும். இதை மிஷின் கைப்பிடியில் சுற்றிக்கொள்ள வெண்ணிலா சரி என்றுவிட்டாள்.

துவைக்காமல் அனுப்பு.

மருதாசலம்