கம்பைலர் ஓடுது, லினக்ஸை அழிக்காதீங்க

மச்சான்,

லினக்ஸை அழித்து விண்டோஸ் போடக் கடைக்காரர் வருவார். தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்புங்க. ராவு முழுக்க இறங்காத கம்பைலர் மென்பொருள் இப்ப ஓடுது! கணினியில் இருந்த மென்பொருள் பட்டியல் பழசு. முதலில் அதைப் புதுப்பித்திருக்க வேண்டும்; நாம் இருவரும் அதைச் செய்யவில்லை. சுபஹு தொழுதுவிட்டுச் செய்தேன், எல்லாம் தானாக இறங்கியது.

"உனக்கு இது சரிவராது" என்று ராவு கத்தினீங்களே, இப்ப என்ன சொல்றீங்க?

சுனாமிக்குப் பிறகு கட்டிய மண்டபத்தில் இன்று பெண்களுக்கு என் முதல் கணினி வகுப்பு. பட்டியலைப் புதுப்பிப்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

சோறும் மீன் ஆணமும் அடுப்படியில்.

நஸ்லிமா

மறந்துட்டன்: திறந்திருக்கும் கறுப்புத் திரையில் என்டரைத் தட்டுங்க. நான் எழுதிய முதல் புரோகிராம். திரையில் எழுத்தின் கொம்பு கொஞ்சம் விலகித்தான் நிற்கும். ஆனாலும் ஜெஸீல் என்று உங்கட பெயர்தான் வரும்.