சிவப்பு நாடா கட்டிய கம்பி

என் முன்கோபக்கார அண்ணாவுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. ஔந்த் வீட்டில் இப்போது தமிழ் பேச ஆள் இல்லை. ஆபீசில் இந்தி, கீழே காய்கறிக் கடையில் மராத்தி, வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜின் சத்தம். சில நாள் குக்கரிடம் "இரு, வர்றேன்" என்கிறேன். நீ இருந்தால் சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் கொஞ்சம் தேவலை, குதிக்கப் போய்விடுவேன். பெரிய பாராசூட்டை நானே மடிப்பேன். அது விரியாவிட்டால் உயிரைக் காப்பாற்ற வேண்டிய ரிசர்வை மட்டும், ராணுவத்தில் இருபது வருஷம் பாராசூட் மடித்த உன்னைத் தவிர யாரிடமும் கொடுத்ததில்லை. நீ போன பிறகு ஒன்பது தடவை குதித்தேன். ஒவ்வொரு தடவையும் விமானக் கதவோரம் நிற்கும்போது, முதுகில் அண்ணன் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் நீ வைத்த சட்டம் இருக்கிறதே. "விரிஞ்சாலும் விரியாட்டியும் ஆறு மாசத்துக்கொருக்கா பிரிச்சு மடிக்கோணும் அம்மணி. நானே மடிச்சிருந்தாலும் பிரிச்சுப் பாக்கோணும்" என்பாய். போன வாரம் என் ரிசர்வுக்குக் கெடு முடிந்தது. உன் கடைசி மடிப்பை இன்னொருவர் கலைப்பதா என்று நான்கு நாள் பையைக் கட்டிலிலேயே வைத்திருந்தேன். பிறகு ஆகுர்டியில் இருக்கும் உன் பழைய கூட்டாளி பாட்டீலிடம் எடுத்துப் போனேன்.

பிரிக்கும் முன் பைக்குச் சொந்தக்காரரையே கைப்பிடியை இழுக்கச் சொல்வீர்கள் அல்லவா? தரையில் நின்று இழுத்தேன். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துள்ளிப் போய் அறையின் மறுபக்கம் விழ வேண்டும். கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. பை மூடியபடியே இருந்தது.

பாட்டீல் மேல் மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். மடிக்கும்போது தற்காலிகமாகச் செருகி, மூடும் முன் உருவிவிட வேண்டிய சின்னக் கம்பி உள்ளேயே இருந்தது. மறந்துவிடக் கூடாதென்று நீ கட்டியிருந்த சிவப்பு நாடாவும் அதிலேயே இருந்தது.

ஒன்பது தடவை, அண்ணா. ஒரு தடவை பெரியது விரியாமல் போயிருந்தால்?

முதலில் உன் மேல் கோபம்தான் வந்தது. அப்புறம் நீ இதை மடித்த வாரத்து ரசம் ஞாபகம் வந்தது. இரண்டு தடவை உப்புப் போட்டிருந்தாய். "வயசாயிருச்சா உனக்கு?" என்று நான் கிண்டல் செய்தேன். மூன்று வாரம் கழித்து ஸ்கேனில் தலைக்குள் கட்டி என்றார்கள். ஆபரேஷனுக்குப் போன நீ திரும்பி வரவில்லை. மறதி வந்தது உனக்கே தெரிந்திருந்ததா? தெரிந்தும் மடித்தாயா? நானாவது அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

பாட்டீல் கதவைச் சாத்திவிட்டு வந்து இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். அவருக்கு இங்கே இருக்கற பேரு உங்களுக்கே தெரியும்." சரி என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. உன் பேரை விட்டால் இந்த ஊரில் எனக்கு வேறென்ன மிச்சம்?

ஆனால் யார் யாருக்கு மடித்தாய் என்று நீ எழுதிவைத்த நோட்டில் எனக்குப் பிறகு மூன்று பேருடைய ரிசர்வ் இருக்கிறது. அவர்களுக்குக் கெடு முடிய இன்னும் நாள் இருக்கிறது. நீ மடித்ததை நம்பி மூன்று பேரும் வரும் ஞாயிறு குதிக்கப் போகிறார்கள்.

இரண்டு பேரிடம் போனில் சொல்லிவிட்டேன். ஒருவர் சிரித்தார். "உங்க அண்ணன் மடிச்சதுன்னா எனக்கு பயமே இல்ல" என்றார். "அவனுக்கு அப்போ உடம்பு சரியில்ல. அவன் மடிச்சத நம்பாதீங்க" என்றேன். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அழுதேன்.

மூன்றாமவர் போனை எடுக்கவில்லை. நாளைக் காலை ஹடப்சரில் அவர் வீட்டுக்கே போகிறேன். அவர் பையைப் பிரிக்கும் வரை அங்கிருந்து நகர மாட்டேன்.

என் ரிசர்வை இப்போது பாட்டீல் மடித்திருக்கிறார். அடுத்த தடவை குதிக்கும்போது முதுகில் நீ இருக்க மாட்டாய். இருந்தாலும் குதிப்பேன் அண்ணா. ஆறு மாதம் ஆனதும், யார் மடித்திருந்தாலும், பிரித்துப் பார்ப்பேன்.

அன்றைக்கு அந்த ரசத்தை மிச்சம் வைக்காமல் குடித்த,
உன் தங்கச்சி